சிசேரியன் தேதிக்கு நான்கு நாள் முன் அம்மை: குமுளி எல்லையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் நான் குழந்தை மருத்துவர். கீழே இருப்பது ஒரு தாயும் குழந்தையும் பற்றிய பதிவு. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். கிழமைகளையும் கர்ப்ப வாரங்களையும் மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்த நாள்கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

பின்னணி

இருபதுகளின் நடுவில் இருக்கும் பெண். வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருப்பு. கணவர் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. இரண்டு பேருடைய தாத்தா காலத்திலேயே தேனிப் பக்கத்திலிருந்து மலையேறிப்போன குடும்பங்கள். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு கேரளம். முதல் குழந்தை மூன்று வருடங்களுக்கு முன் கீழே எங்களிடம்தான் சிசேரியனில் பிறந்தது. இரண்டாவது கர்ப்பத்தின் பரிசோதனைகள் எல்லாம் மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்தன. பிரசவம் மட்டும் தாய்வீட்டில் என்று முடிவு. குமுளி எல்லையின் இரண்டு பக்கமும் இது வழக்கம்தான். கர்ப்பம் ஒரு மாநிலத்தில் பதிவாகும், பிரசவம் இன்னொரு மாநிலத்தில். நடுவில் இருப்பது லோயர் கேம்ப் மலைப்பாதையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்த அட்டையும்தான்.

முதல் குழந்தை சிசேரியன், தழும்பின் நிலையையும் பார்த்து இந்த முறையும் ஆபரேஷன் என்று எங்கள் மகப்பேறு மருத்துவர் முடிவு செய்திருந்தார். 39 வாரம் நிறையும் வியாழக்கிழமை தேதி குறிக்கப்பட்டது. அந்த வாரத்தில் நல்ல நாள் எது என்று மாமனார் ஜோசியரிடம் கேட்டு, வியாழனைத்தான் சொன்னார்கள் என்று வந்து சொன்னார். அதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.

அதற்கு முன்பே மலையில் ஒன்று நடந்திருந்தது. கர்ப்பம் 36 வாரம் கடந்த ஒரு சனிக்கிழமை, மூத்த குழந்தைக்கு லேசான காய்ச்சல், முதுகிலும் வயிற்றிலும் ஏழெட்டு நீர்க்கொப்புளங்கள். அங்கன்வாடியில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் இருந்தது. பங்குனி வெயிலில் வந்த கொப்புளம் என்று விட்டுவிட்டார்கள். நாலைந்து நாளில் பொருக்கு தட்டிப்போனது. குழந்தை அம்மாவோடு ஒரே பாயில்தான் படுத்தது. காய்ச்சல் விட்டதும் இருவரும் மலையிறங்கித் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

சின்னம்மை உடம்பில் நுழைந்து வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். இந்தப் பெண்ணுக்கு அது பதினைந்தாவது நாள் வந்தது: ஞாயிறு காலை, 38 வாரம் 3 நாள். ஆபரேஷனுக்கு இன்னும் நான்கு நாள்.

ஞாயிறும் திங்களும்

வீட்டில் என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினார்கள். வெளி ஆட்கள் உள்ளே வரவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார். மாத்திரை எதுவும் தரவில்லை.

இதைச் சொல்லும்போது மருத்துவர்கள் பலர் தலையிலடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. தனி அறை, ஆள் நடமாட்டம் இல்லாமை, இளநீர், கூழ், குளிர்ச்சி: நாங்கள் ஒரு தொற்று வார்டில் செய்யப் பார்ப்பதில் பாதி அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது மருந்தும் நேரமும்தான். கர்ப்பிணிக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவதாக இருந்தால், முதல் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்குவதில்தான் பலன். அந்த 24 மணி நேரம் வேப்பிலைக்கு அடியிலேயே கழிந்துபோனது.

திங்கள் மதியம் அந்தப் பெண் கணவருக்குப் போன் செய்தார். அவர் தோட்டத்து ஆஷா பணியாளரிடம் சொன்னார். அந்த அம்மா மலையாளி, லயத்துப் பெண்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே வரும். அவர் சொன்னதாகக் கணவர் எங்களிடம் சொன்னது: "மாமியார்கிட்ட வாதாடாதீங்க. வேப்பிலையும் கையில எடுத்துட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க." அன்று மாலை அப்படியேதான் வந்தார்கள். அந்த வேப்பிலைக் கொத்தை வாசலிலேயே பார்த்த எங்கள் சிஸ்டர், கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்த ஹாலுக்குள் விடாமல் பின்பக்க வராந்தா வழியாகக் கடைசி அறைக்குக் கூட்டிப்போய்விட்டார். ஒரே அறையில் கால் மணி நேரம் கூட இருந்தாலே சின்னம்மைத் தொடர்பு என்று கணக்கு வைக்கிறோம். அன்று ஹாலில் இருந்த யாரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

பார்த்தது

காய்ச்சல் 101.4. முகம், நெஞ்சு, வயிறு, கைகள் எங்கும் கொப்புளம். சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், உடைந்து காய்வது என மூன்று பருவமும் ஒரே இடத்தில் கலந்து இருந்தன. சின்னம்மையைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிட இது போதும். லேசான வறட்டு இருமல். மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் அளவு 97. குழந்தையின் அசைவும் இதயத்துடிப்பும் சரியாக இருந்தன.

அந்த இருமல்தான் எங்களை யோசிக்க வைத்தது. சின்னம்மை வந்த கர்ப்பிணிகளில் 10 சதவீதம் பேர் வரை நுரையீரல் அழற்சிக்குப் போகிறார்கள். கடைசி மூன்று மாதத்தில் அது கடுமையாகவும் இருக்கும். குழந்தைக்கு ஏழெட்டுக் கொப்புளத்தோடு போகும் நோய் பெரியவர்களை ஏன் இப்படிப் படுத்துகிறது என்று கணவர் கேட்டார். இந்த வைரஸ் குளிர் நாடுகளில் பெரும்பாலும் சிறுவயதிலேயே வந்து போய்விடுகிறது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பலருக்குத் தள்ளிப்போகிறது. அதனால் இங்கே வளர்ந்து, கல்யாணமாகி, கர்ப்பமான பிறகும் எதிர்ப்புச் சக்தி இல்லாத பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். கர்ப்பத்தில் உடம்பின் எதிர்ப்பு முறையும் மாறுகிறது, நுரையீரலுக்கு இடமும் குறைகிறது.

வயிற்றை மறைத்து எடுத்த எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 1.4 லட்சம், ஈரல் நொதிகள் கொஞ்சம் கூடுதல்.

முதல் முடிவு: மருந்து

மாத்திரைக்கான நேரம் தாண்டிவிட்டது. ஆனால் புதிய கொப்புளங்கள் வந்துகொண்டே இருந்தன, இருமல் இருந்தது, நிறைமாதம். எனவே கிலோவுக்கு 10 மி.கி. வீதம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அசைக்ளோவிரை நரம்பு வழியாகவே தொடங்கினோம். சிறுநீரகத்தைக் காப்பாற்ற ட்ரிப்ஸும் கூடவே ஓடியது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். சின்னம்மையில் தோல் புண் சீழ்பிடிப்பதோடு ஐபுப்ரோஃபென் வகை மருந்துகளைத் தொடர்புபடுத்திப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. அதோடு நிறைமாதக் கர்ப்பிணிக்கு அவை எப்படியும் கூடாது.

அசைக்ளோவிர் கர்ப்பத்தில் நீண்ட காலமாகப் பயன்படும் மருந்து, குழந்தைக்குக் குறை உண்டாக்குவதாகத் தெரியவரவில்லை என்று விளக்கியதும் குடும்பம் ஒத்துக்கொண்டது. அறைவாசலில் வேப்பிலை வைக்க நாங்களும் ஒத்துக்கொண்டோம். மஞ்சள் பூசுவதை மட்டும் வேண்டாம் என்றோம், ஆபரேஷன் தழும்புக்கு மேலே திறந்த புண் இருந்தது. உப்பில்லாத கூழ் மட்டும் என்பதிலிருந்து பருப்பும் மோரும் வரை அம்மாவை இறக்கிக் கொண்டுவர ஒரு நாள் பிடித்தது.

இரண்டாவது முடிவு: வியாழன் ஆபரேஷனா, இல்லையா

இந்த நிகழ்வின் மையம் இதுதான்.

திங்கள் இரவே ஆலோசனைக்காகப் பெரிய மருத்துவமனை ஒன்றில் பேசினோம். போனை எடுத்த இளம் பணி மருத்துவர், "ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்தானே, வலி வருவதற்கு முன் சிசேரியன் செய்து குழந்தையை எடுத்துவிடுங்கள்" என்றார். காதுக்குச் சரியாகவே பட்டது. மாமனாரும் வியாழக்கிழமையை விடக்கூடாது என்றார், அம்மை குழந்தைக்கு இறங்குவதற்கு முன் எடுத்துவிடலாமே என்பது அவர் கணக்கு. இரண்டு பேருடைய யோசனையும் ஒரே இடத்தில் போய் நின்றது. இரண்டுமே இந்த நோய்க்குத் தவறு.

ஹெர்பிஸ் குடும்பத்தில் மனிதரைத் தொற்றும் வைரஸ்கள் எட்டு ஒன்பது இருக்கின்றன. ஒருமுறை வந்தால் உடம்பை விட்டுப் போவதில்லை, ஒளிந்திருந்து திரும்பத் தலைகாட்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தையிடம் அவை போய்ச்சேரும் வழி வேறு வேறு. பிறப்புறுப்பில் புண் வரவைக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் பெரும்பாலும் குழந்தை வெளியே வரும் பாதையில் ஒட்டுகிறது. அங்கே சிசேரியன் உண்மையிலேயே காப்பாற்றுகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 58,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2003-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. பிரசவ நேரத்தில் வைரஸ் கண்டறியப்பட்ட தாய்மார்களில், சுகப்பிரசவமானவர்களின் குழந்தைகளில் 7.7 சதவீதத்துக்குத் தொற்று வந்தது, சிசேரியனில் 1.2 சதவீதம். பணி மருத்துவர் மனதில் இருந்த விதி இங்கிருந்து வந்தது.

சின்னம்மை வைரஸ் பிரசவப் பாதைக்காகக் காத்திருப்பதில்லை. தாயின் ரத்தத்தில் ஓடி நஞ்சுக்கொடி வழியாகவே போகிறது. கொப்புளம் தெரிவதற்கு முன்பே போயிருக்கலாம். அதே நஞ்சுக்கொடி வழியாகத்தான் தாயின் ஆன்டிபாடியும், அதாவது வைரஸை எதிர்க்கும் புரதமும், குழந்தைக்குப் போக வேண்டும். அது உருவாகிப் போதுமான அளவில் போய்ச்சேரக் கொப்புளம் தெரிந்ததிலிருந்து ஐந்து முதல் ஏழு நாள் ஆகிறது. நடுவில் குழந்தையை எடுத்தால் வைரஸோடு பிறக்கும், தடுப்பு இல்லாமல் பிறக்கும். மருந்து இல்லாத காலத்துப் பழைய பதிவுகளில், தாய்க்குக் கொப்புளம் வந்த நான்கைந்து நாளுக்குள் பிறந்து அம்மை கண்ட குழந்தைகளில் சுமார் 30 சதவீதம் இறந்ததாக இருக்கிறது. அந்தப் பதிவுகளில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு, இன்றைக்கு அந்த விகிதம் பொருந்தாது. ஆனாலும் ஆபத்தான நாட்கள் எவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வியாழன் நடு மையத்தில் இருந்தது.

தாய்க்கும் அது நல்லதல்ல. வைரஸ் ரத்தத்தில் இருக்கும்போது தட்டணு குறைந்து, ஈரல் பாதித்து, ஆபரேஷன் மேஜையில் ரத்தப்போக்கு கூடலாம். நுரையீரல் நிலை தெரியாமல் மயக்கம் கொடுப்பதும் சிரமம்.

ஆகவே மகப்பேறு மருத்துவரும் நானும் முடிவு செய்தோம்: வியாழன் வேண்டாம். தாயும் குழந்தையும் தாங்கும்வரை தள்ளிப்போடுவது, குறைந்தது அடுத்த ஞாயிறு தாண்டும் வரை. வலி தானாக வந்தால் மட்டும் உடனே ஆபரேஷன்.

குடும்பத்தில் சொன்னபோது எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று நான் நினைத்தேனோ அங்கிருந்து வரவில்லை. பெண்ணின் அம்மா முதல் ஆளாகத் தலையாட்டினார். "ஆத்தா உடம்புல இருக்கையில கத்தி படக்கூடாதுன்னு நான் நேத்திலிருந்து சொல்லிட்டிருக்கேன் டாக்டரம்மா. மூணாந் தண்ணி ஊத்தாம எப்படி?" மாமனார்தான் மசியவில்லை. "சம்பந்தி, நாளும் கோளும் நமக்காகக் காத்திருக்காது" என்றார். சம்பந்தியம்மா விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கணவர், "அப்பா, டாக்டரும் அத்தையும் ஒரே பேச்சாச் சொல்றாங்க, விடுங்க" என்றதும் அடங்கியது. அந்த அம்மா சொன்ன காரணமும் நாங்கள் சொன்ன காரணமும் வேறுதான், நாள்கணக்கு ஒன்றாக இருந்தது. அதை நான் திருத்தப் போகவில்லை.

இடையில் ஒரு சங்கடம்

செவ்வாய்க்கிழமை லேப் சீட்டில் "வேரிசெல்லா ஜோஸ்டர், ஹெர்பிஸ் வைரஸ் வகை" என்று அச்சாகி வந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன் அதைப் போனில் தேடி, ஹெர்பிஸ் என்றால் பால்வினை நோய் என்று படித்துக் காட்டியிருக்கிறான். மாலைக்குள் பேச்சு மலைவரை போய்விட்டது. இரவு வந்த கணவர் முகத்தைப் பார்த்தே ஏதோ தெரிந்தது. பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

இரண்டு பேரையும், இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் வைத்துப் பேசினேன். அங்கன்வாடிப் பிள்ளையிடமிருந்து மூச்சுக்காற்றில் வந்த சின்னம்மை இது. குடும்பப் பெயர் ஒன்று என்பதற்காக எல்லாம் ஒரே நோய் ஆகிவிடாது. மூத்த பிள்ளைக்கு வந்ததும் இதுதான், அதற்கும் இதே பெயர்தான் அச்சாகியிருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் எடுபட்டது. அன்றிலிருந்து எங்கள் லேபில் இந்தச் சோதனைக்குச் "சின்னம்மை (வேரிசெல்லா)" என்று மட்டுமே அச்சடிக்கச் சொல்லியிருக்கிறோம். உண்மையிலேயே பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உள்ள கர்ப்பிணிகளும் எங்களிடம் வருகிறார்கள், அவர்களுக்கு இந்த வெட்கம் இன்னும் பெரிய தடை. வந்ததைச் சொல்லாமல் மறைத்தால் சிசேரியனால் காப்பாற்றக்கூடிய குழந்தைதான் பாதிக்கப்படும்.

வீட்டிலிருந்த இன்னொரு கர்ப்பிணி

புதன்கிழமை தற்செயலாகத்தான் தெரிந்தது: அந்த வீட்டில் அண்ணி 11 வார கர்ப்பம். வெளியே சொல்லும் மாதம் வரவில்லை என்று யாரும் பேச்செடுக்கவில்லை. கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை தொற்றும், ஆகவே வெள்ளியிலிருந்து அவர் அந்த வளையத்துக்குள் இருந்தார்.

இவருக்கு ஆபத்து வேறு விதமானது. கர்ப்பத்தின் முதல் 20 வாரத்தில் தாய்க்குச் சின்னம்மை வந்தால் சில குழந்தைகளுக்குக் கை கால் சூம்பல், கண் பாதிப்பு, தோல் தழும்பு, மூளை வளர்ச்சிக் குறை வருகிறது. எவ்வளவு பேருக்கு என்பதை ஜெர்மனி, பிரிட்டனில் சின்னம்மை வந்த 1,373 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 1994-இல் வெளியிட்டார்கள். 12 வாரம் வரை 0.4 சதவீதம், 13 முதல் 20 வாரத்துக்குள் 2 சதவீதம், அதன்பிறகு ஒன்றும் இல்லை. கேட்டதுமே கர்ப்பத்தைக் கலைக்கலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. அவர்களிடம் இந்த எண்களை வைத்துப் பேசுவது நல்லது.

சின்ன வயதில் அம்மை வந்ததா என்று கேட்டோம். மணல்வாரி வந்தது என்றார் அவருடைய அம்மா. அது தட்டம்மை, இதற்குப் பாதுகாப்பு தராது. ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினோம். வெள்ளிக்கிழமை ஐ.ஜி.ஜி. (பழைய தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி) இருக்கிறது என்று வந்தது, எப்போதோ தெரியாமலே வந்து போயிருக்கிறது. இல்லை என்று வந்திருந்தால், தொடர்பு ஏற்பட்ட பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடியையே தயாராகக் கொடுக்கும் ஊசி) போட வேண்டியிருந்திருக்கும்.

சனிக்கிழமை

புதனோடு காய்ச்சல் விட்டது. வியாழனோடு புதுக் கொப்புளம் நின்றது, இருமலும் குறைந்தது. ஊசியை நிறுத்தி 800 மி.கி. மாத்திரை, நாளுக்கு ஐந்து வேளை என்று மாற்றினோம். தட்டணு 1.9 லட்சத்துக்கு ஏறியது.

சனி விடியற்காலை வலி வந்தது. 39 வாரம் 2 நாள், கொப்புளம் தெரிந்து ஆறு நாள். ஞாயிறு தாண்ட வேண்டும் என்று நினைத்திருந்தோம், ஆனால் பழைய தழும்போடு நிறைமாதத்தில் வலியை மருந்தால் அடக்கிப் பார்ப்பது சரியாகப் படவில்லை. ஏற்கெனவே சின்னம்மை வந்த அல்லது தடுப்பூசி போட்ட ஊழியர்கள் மட்டும் தியேட்டருக்குள் போனார்கள். முதுகுத்தண்டில் ஊசி போடும் இடத்தில் கொப்புளம் இல்லை என்று பார்த்து மயக்க மருத்துவர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கொப்புளத்தின் வழியாக ஊசி போனால் வைரஸை உள்ளே கொண்டுபோகும் அபாயம் உண்டு என்ற எச்சரிக்கைதான் காரணம். பெண் குழந்தை, 2.8 கிலோ, பிறந்ததும் அழுதாள், தோலில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது முடிவு: குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின்

ஆறு நாள் என்பது சங்கடமான எண். அமெரிக்க வழிகாட்டுதலில் ஆபத்தான காலம் பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரை. பிரிட்டன் வழிகாட்டுதலில் முன்னும் பின்னும் ஏழு நாள். ஒன்றின்படி இந்தக் குழந்தைக்கு ஊசி தேவையில்லை, இன்னொன்றின்படி கட்டாயம் தேவை. நான் பேசிய மூத்த குழந்தை மருத்துவர் ஒருவர், காத்திருந்து பார்க்கலாம் என்றார். தொப்புள்கொடி ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றால் முடிவு வர நாளாகும், ஊசியோ சீக்கிரம் போட்டால்தான் பயன்.

போடுவது என்று தீர்மானித்தேன். முதல் கொப்புளம் ஞாயிறு காலை தெரிந்தது என்பது வீட்டார் சொன்ன கணக்கு. வேப்பிலை கட்டிய நேரத்தை வைத்துச் சொன்னார்கள், அரைநாள் அப்படி இப்படி இருக்கலாம். அந்த அரைநாளை நம்பி ஒரு பச்சைக்குழந்தையை விட மனம் வரவில்லை. சின்னம்மைக்கென்றே தயாரிக்கும் இம்யூனோகுளோபுலின் நம் ஊரில் நினைத்த நேரத்தில் கிடைக்காது. மதுரையில் விசாரித்தும் அன்று கிடைக்கவில்லை. அதற்கு மாற்றாக ஏற்கப்பட்டது பொது இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 400 மி.கி. அது ஐஸ் பெட்டியில் பஸ்ஸில் வந்து சனி இரவு ஏறியது. விலை குடும்பத்துக்குப் பெரிய தொகை. ஒரு பங்கைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இந்த ஊசி அம்மையை முழுக்கத் தடுக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. சின்னம்மைக்கென்றே உள்ள ஊசி போட்டாலும் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குத் தொற்று வரத்தான் செய்கிறது, பெரும்பாலும் லேசாக. வெளிப்படும் நாளும் 28 வரை தள்ளிப்போகலாம்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா என்ற கேள்வியும் இருந்தது. குறைமாதக் குழந்தைகள் நிறைந்த வார்டுக்கு ஒரு சின்னம்மைத் தொடர்பைக் கொண்டுபோக நானும் விரும்பவில்லை, அங்கிருந்தவர்களும் விரும்பவில்லை. மூச்சில் சிரமம் தெரிந்த உடனே அனுப்புவது என்ற ஏற்பாட்டோடு கடைசி அறையிலேயே தாயும் குழந்தையும் சேர்ந்து இருந்தார்கள். தாய்ப்பாலை நிறுத்தவில்லை. இடது மார்பில் காம்புக்கு அருகே காயாத கொப்புளம் ஒன்று இருந்ததால், அந்தப் பக்கத்துப் பாலை மட்டும் அது பொருக்கு தட்டும்வரை பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தோம்.

ஒன்பதாம் நாள்

குழந்தையின் ஒன்பதாம் நாள் நெற்றியில் மூன்று கொப்புளம், சாயங்காலத்துக்குள் நெஞ்சில் இன்னும் சில. காய்ச்சல் இல்லை, நன்றாகக் குடித்தாள். தாய்க்கு வந்ததுதான் என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த வயதில் கொப்புளம் என்றால் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸை விலக்காமல் நான் இருப்பதில்லை. பிறந்து இரண்டாவது வாரம் அதற்கும் உரிய காலம். அது மூளைக்குப் போனால் மீட்பது கடினம். கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை இரண்டு வைரஸுக்கும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பிவிட்டு, சிம்ப்ளெக்ஸுக்கு உரிய கூடுதல் அளவில், கிலோவுக்கு 20 மி.கி. வீதம் அசைக்ளோவிர் தொடங்கினோம். சின்னம்மை என்று முடிவு வந்ததும் அளவைப் பத்தாகக் குறைத்து ஏழு நாள் முடித்தோம்.

மொத்தம் இருபது கொப்புளம்கூட வரவில்லை. நுரையீரல், ஈரல் எதுவும் பாதிக்கவில்லை. லேசாக வந்ததற்குக் காரணம் ஊசியா, ஆறு நாளில் தாயிடமிருந்து போன ஆன்டிபாடியா, அசைக்ளோவிரா என்று ஒரு குழந்தையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. வியாழக்கிழமை எடுத்திருந்தால் தாயின் ஆன்டிபாடி பெரிதும் இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

மூன்றாம் தண்ணீரை வீட்டுக்குப் போய் ஊற்றிக்கொண்டார்கள். தையல் நனையாமல் தலைக்கு மட்டும். குழந்தைக்கு 28 நாள் முடியும்வரை கம்பம் பக்கக் கிராம சுகாதாரச் செவிலியரும், பிறகு மலைமேல் ஆஷாவும் பார்த்தார்கள்.

இனி மாற்றுவது

முதல் பரிசோதனையிலேயே, படம் காட்டி, நீர்க்கொப்புளம் வந்ததுண்டா என்று கேட்கிறோம். வெறுமனே அம்மை வந்ததா என்று கேட்டால் பதில் நம்பத்தக்கதாக இல்லை. தெரியாது என்பவர்களில், வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்களுக்கு ஐ.ஜி.ஜி. பார்க்கச் சொல்கிறோம். ஒவ்வொரு வருகையிலும் "பிள்ளைகளுக்கு உடம்பில் ஏதாவது வந்ததா" என்ற கேள்வி சேர்ந்திருக்கிறது. மூத்த குழந்தைக்கு ஏழெட்டுக் கொப்புளம் வந்த அன்றே இந்தத் தாய் யாரிடமாவது சொல்லியிருந்தால், பத்து நாள் அவகாசத்துக்குள் இம்யூனோகுளோபுலின் போட்டிருக்கலாம். யாரும் கேட்காததை அவர் ஏன் சொல்லப்போகிறார்?

எல்லை தாண்டி வரும் அட்டையில் முதல் கொப்புளம் தெரிந்த தேதிக்கும் நேரத்துக்கும் ஓர் இடம் விட்டு, அருகில் "குழந்தை மருத்துவரைக் கேட்காமல் ஆபரேஷன் வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். இம்யூனோகுளோபுலின் எங்கே இருப்பு இருக்கிறது என்ற பட்டியல் மருந்தகத்தில் ஒட்டியிருக்கிறது. எங்கள் ஊழியர்களில் ஐ.ஜி.ஜி. இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது.

தடுப்பூசியில்தான் நினைத்த அளவு நகர முடியவில்லை. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. உயிருள்ள வைரஸால் ஆனது என்பதால் கர்ப்பத்தில் போடவும் கூடாது. பிரசவமான பிறகு, பால் கொடுக்கும்போதே இரண்டு தவணை போடலாம். பணம் கொடுத்துப் போடச் சொன்னால் தோட்டக் கூலியில் எத்தனை பேர் போடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இரண்டு தவணைக்குப் பதில் ஒன்றாவது போடுங்கள் என்று கேட்கும் நிலையில் இருக்கிறோம்.

இந்தக் குழந்தையின் அட்டையில் இன்னொரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன், மலையாளத்திலும் எழுதச் சொல்லி. பிறந்த சில நாளிலேயே சின்னம்மை வந்த குழந்தைகளுக்கு, அந்த வைரஸ் நரம்பில் தங்கி, சில வருடத்திலேயே அக்கியாகத் திரும்பலாம். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வரிசையாகக் கொப்புளம் வந்தால், கண்ணுக்கு அருகில் வந்தால் முக்கியமாக, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.